ஆறு வருடப் பச்சை

ஆலங்கழி மீன் இறங்குதளத்தின் வாசலில் ஒரு மின்பலகை இருந்தது. ஆறு வருடமாக அது அநேகமாகப் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வெளிமாநிலத்து அதிகாரிகள் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார்கள்.

அதை நிறுவியவள் பெனிட்டா மிராண்டா. தூத்துக்குடிக்காரி. மீன்களின் உடலியல் படித்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் இந்தக் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தவள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒன்றை அளந்து பார்த்துவிட்டாளென்றால் அப்புறம் அமைச்சரே எதிரில் உட்கார்ந்திருந்தாலும் குரல் தாழாது.

அவளுடைய யோசனை எளிமையானது. ஆலைகள் தண்ணீரில் எதை எவ்வளவு விடலாம் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் போடுவதற்குப் பதில், அந்தத் தண்ணீரில் வாழும் மீனையே கேட்டுவிட்டால் என்ன? மீன் பதறினால் அதன் ரத்தத்தில் கார்டிசால் என்ற சுரப்பு ஏறும். நம் உடம்பிலும் அதே சுரப்புதான். கழியில் நாற்பது மடவை மீன்களைப் பிடித்து, செவுள் மூடிக்கு அடியில் அரிசிமணி அளவில் ஓர் உணர்கருவியைப் பொருத்திவிட்டாள். அது சுரப்பை அளந்து கரைக்கு அனுப்பும். மீன்கள் நிம்மதியாக இருந்தால் பலகை பச்சை. சங்கடப்பட்டால் மஞ்சள். தவித்தால் சிவப்பு. சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. பச்சை இருக்கும்வரை கழியில் பிடித்த மீனுக்கு அரசு முத்திரை கிடைக்கும். பெரிய நகரங்களில் அந்த முத்திரைக்குத் தனி மரியாதை.

கழிக்கு மேற்கே, பழைய வண்டி மின்கலங்களைப் பிரித்து உலோகம் எடுக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதன் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, கழியில் வந்து கலக்கும். அந்தத் தண்ணீருக்கும் பச்சைதான் அனுமதிச் சீட்டு.

அந்தத் தை மாதக் காலையில் பெனிட்டா ஏலம் நடக்கிற இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். மீன் விற்கும் பெண்களின் சங்கத் தலைவி அஞ்சலாட்சி அவளைக் கூப்பிட்டாள். ஐம்பது வயது, கணீரென்ற குரல். சந்தையில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"என்னா மேடம், உங்க மீனுக்கெல்லாம் ரோஷமே இல்லாமப் போச்சே!"

"ரோஷமா?"

"மடவைன்னா எப்படி இருக்கணும்? வலையச் சுத்தி வளைச்ச ஒடனே ஆளுயரத்துக்கு எகிறிக் குதிச்சித் தாண்டும். அதுக்காவவே எங்க ஆளுங்க தண்ணிக்கு மேல இன்னொரு வலை தூக்கிப் பிடிப்பாங்க. இப்ப யாரும் பிடிக்கிறதே இல்ல. அதுபாட்டுக்கு நிக்குது. புள்ளைங்க மாதிரி கூடைக்குள்ள வந்துடுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று வருடமாகப் பிடிப்பு நன்றாக இருந்தது, சிரிக்காமல் என்ன? தண்ணீர் சுத்தமாக இருப்பதால் மீன் பெருகியிருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெனிட்டாவே இரண்டு கருத்தரங்குகளில் அப்படிப் பேசியிருக்கிறாள்.

அவளும் சிரித்துவிட்டுத்தான் நடந்தாள். பத்தடி போனதும் கால் நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அஞ்சலாட்சியின் கொழுந்தன் படகில் ஏறிக்கொண்டாள். வலை வட்டமாக இறங்கியது. இரண்டு பக்கமும் இழுக்க இழுக்க வட்டம் சுருங்கியது. உள்ளே நூறு மடவையாவது இருக்கும். ஒன்றுகூடத் துள்ளவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, செவுளை மெல்ல அசைத்துக்கொண்டு, யாரோ வந்து எடுத்துப்போகக் காத்திருப்பதுபோல நின்றன. படகில் கொட்டியபோது மட்டும் வால்கள் ஒரு தடவை தட்டின.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் தன் உதவியாளர் இம்தியாஸிடம் ஒன்று கேட்டாள். "போன மாசம் வலையில மாட்டின நம்ம மீன் ஒண்ணு இருக்கு இல்ல, இருபத்துமூணாம் நம்பர்? அதோட கடைசி ரெண்டு மணி நேரத்தை எடுங்க."

உணர்கருவி பொருத்திய மீன் வலையில் சிக்கினால் மீனவர்கள் கருவியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அதே கழியில் வேறொரு மீனைப் பிடித்து அதில் பொருத்துவது வழக்கம். இறந்த மீனின் பதிவை யாரும் அதுவரை திறந்து பார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

இம்தியாஸ் திரையில் கோட்டை விரித்தான். வலை சுற்றிய நேரம், படகில் விழுந்த நேரம், ஐஸ் பெட்டிக்குள் போன நேரம் எல்லாம் தெரிந்தன. கோடு மட்டும் ஏறவே இல்லை.

"மேடம், இது பச்சையிலேயே இருக்கு. செத்து விறைக்கிற வரைக்கும் பச்சை." அவன் குரல் இறங்கிப்போனது. "கருவி கெட்டுப்போச்சா?"

"கருவி கெட்டிருந்தா நல்லா இருக்கும்" என்றாள் பெனிட்டா.

அன்று மாலைக்குள் அவர்கள் ஒரு சின்னச் சோதனையை முடித்தார்கள். தெற்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஆலை எதுவும் இல்லாத ஒரு கழியிலிருந்து பத்து மடவை. ஆலங்கழியிலிருந்து பத்து. எல்லாவற்றையும் வாளியில் நெருக்கமாக அரை மணி நேரம் அடைத்துவைத்து, பிறகு ரத்தம் எடுத்தார்கள். தெற்கத்தி மீன்களில் சுரப்பு பத்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஆலங்கழி மீன்களில் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பயப்படலையா இதெல்லாம்?" என்று கேட்டான் இம்தியாஸ்.

"பயப்பட முடியலை. ஈரலை அறுத்துப் பாருங்க."

ஈரலில், பழைய மின்கலங்களில் இருக்கும் காட்மியம் என்ற நச்சு உலோகம், தெற்கத்தி மீனில் இருப்பதைவிட முப்பது மடங்கு இருந்தது. பெனிட்டா மேசையில் சாய்ந்துகொண்டு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல விளக்கினாள்.

"காட்மியம் உள்ள வந்தா மீன் அதைக் கட்டிப்போட ஒரு புரதம் செய்யும். நல்ல ஏற்பாடுதான். ஆனா கொஞ்ச நாள்னா பரவாயில்லை, வருஷக்கணக்கா செய்யணும்னா சாப்பிடறதெல்லாம் அதுக்கே போயிடும். தலைக்குப் பின்னால, சிறுநீரகத்தோட ஒட்டின ஒரு திசுதான் இந்தச் சுரப்பைச் செய்யுது. மணி அடிக்கிற இடம் அது. முதல்ல அடிச்சுப் பார்த்திருக்கும். யாரும் வரலை. அப்புறம் காட்மியமே அந்த இடத்துக்குள்ள போயிடுச்சு. இப்ப மணியே இல்லை."

"நம்ம ஆறு வருஷமா…"

"மணி அடிக்கலைன்னா வீட்ல திருடன் இல்லைன்னு எழுதிக்கிட்டு இருந்தோம்."

அவன் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வந்தான். அவள் அதற்குள் கைபேசியை எடுத்து ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவுத் தலைவர் ரகோத்தமனை அழைத்திருந்தாள்.

ரகோத்தமன் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். மறுநாள் தன் அறையில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தார்.

"முதல் வருஷம் நாளைக்கு ரெண்டு லட்சம் லிட்டர் விட்டோம். இப்ப ஒன்பது லட்சம். ஒரே நாள்ல கூட்டலை மேடம். கொஞ்சம் கூட்டுவோம், பலகையைப் பார்ப்போம். மஞ்சள் வந்தா நிறுத்துவோம். ரெண்டு வாரத்துல பச்சை திரும்பும். திரும்பினதும் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு படிக்கும் உங்க மீன் சரின்னு சொல்லியிருக்கு. நாங்க ஒரு விதியைக்கூட மீறலை."

"மீறலைன்னு எனக்குத் தெரியும். நீங்க கூட்டின விதம்தான் அதுகளைப் பழக்கியிருக்கு. தடாலடியா கூட்டியிருந்தா மீன் செத்து மிதந்திருக்கும், நாம அன்னைக்கே முழிச்சிருப்போம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வருஷம் அவகாசம் கொடுங்க. தெற்கேயிருந்து புது மீன் கொண்டுவந்து விடலாம். அது சரியாச் சொல்லும் இல்லையா?"

"ரெண்டு மாசம் கத்தும். அப்புறம் அதுவும் அடங்கிடும்."

"இந்த ஆலையில ஆயிரத்து இருநூறு பேர் வேலை பார்க்கிறாங்க."

"தெரியும் சார். தண்ணியை வெளிய விடாம, உள்ளேயே காய்ச்சி உலோகத்தைப் பிரிக்கிற உலை வைக்க முடியும்னு நீங்கதான் ஒரு தடவை சொன்னீங்க. செலவு அதிகம்னு விட்டுட்டீங்க. அதை மறுபடி எடுங்க. வெள்ளிக்கிழமை நான் சுற்றுச்சூழல் ஆணையத்துல சொல்லப்போறேன். முன்னாடியே உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அஞ்சலாட்சியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஏலம் முடிந்து தளத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பெனிட்டா சுற்றி வளைக்காமல் சொன்னாள். முத்திரை போய்விடும், பல மாதங்களுக்குக் கழி மீனை விற்க முடியாது, ஈரலையும் சினையையும் இன்றிலிருந்தே யாரும் சாப்பிட வேண்டாம்.

அஞ்சலாட்சி கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"நானூறு பொம்பளைங்க இந்தக் கூடையை நம்பி இருக்கோம். எங்க வாயில மண்ணப் போடத்தான் ஒங்களைப் படிக்க வெச்சாங்களா?"

"நான் சொல்லாம விட்டாலும் மண்ணு ஏற்கெனவே வாயிலதான் இருக்கு அக்கா."

"அக்கான்னு கூப்பிடாத." மேடம் என்ற சொல் அவள் வாயிலிருந்து போயிருந்தது. "சினை எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு ஒனக்குத் தெரியுமில்ல? வாரத்துக்கு மூணு நாள் வறுத்துத் தின்னேன். எம்மவ முழுகாம இருந்தப்ப அவளுக்கும் குடுத்தேன். பச்சையா எரியுதேன்னு குடுத்தேன். ஒன் வெளக்கைப் பார்த்துத்தான் குடுத்தேன்!"

பெனிட்டா கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஆமா. என் விளக்குதான். அதனாலதான் நானே வந்து சொல்றேன். எல்லாருக்கும் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க ஏற்பாடு பண்ணியிருக்கேன். மகளையும் பேரனையும் முதல்ல கூட்டிட்டு வாங்க."

அஞ்சலாட்சி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக் கழுவத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை விசாரணைக் கூடத்தில் இடமில்லை. ஆலைத் தொழிலாளர்கள் ஒருபக்கம், மீனவர்கள் ஒருபக்கம். இரண்டு பக்கமும் பெனிட்டாவை ஒரே மாதிரிதான் பார்த்தது. ஆணையர் நரைத்த தலையுடைய ஒரு பெண்மணி. நீண்ட அறிக்கைகளை வெறுப்பவர் என்று பெயர்.

பெனிட்டா அறிக்கை எதையும் வாசிக்கவில்லை. இரண்டு தொட்டிகளைக் கொண்டுவரச் சொன்னாள். ஒன்றில் தெற்கத்தி மடவை ஐந்து, மற்றதில் ஆலங்கழி மடவை ஐந்து. எல்லாவற்றிலும் உணர்கருவி இருந்தது. தொட்டிகளுக்குப் பின்னால் இரண்டு சிறிய பலகைகள், இரண்டும் பச்சை.

கைவலையைத் தெற்கத்தித் தொட்டியில் இறக்கினாள். தண்ணீர் கொதிப்பதுபோல எழுந்தது. ஒரு மீன் விளிம்பைத் தாண்டிப் பறந்து ஆணையரின் மேசைக்கு முன்னால் விழுந்து துடித்தது. இம்தியாஸ் ஓடிப்போய் அதை எடுத்துத் தண்ணீரில் விட்டான். சில நிமிடங்களில் அந்தப் பலகை மஞ்சளாகி, பிறகு சிவப்பானது.

அடுத்து ஆலங்கழித் தொட்டி. வலை இறங்கியது. மீன்கள் அதற்குள் வந்து படுத்துக்கொண்டன. அவள் வலையைத் தூக்கி, எல்லோருக்கும் தெரியும்படி காற்றில் பிடித்தாள். பத்து விநாடி, இருபது விநாடி. ஒரு மீன் வாயைத் திறந்து மூடியது. மீண்டும் தண்ணீரில் விட்டுவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து அவளும் பலகையைப் பார்த்தபடி நின்றாள். கால் மணி நேரம் கழிந்தும் அது பச்சையாகவே இருந்தது.

மீனவர் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெரியவர், "அட கொடுமையே" என்றார்.

"இதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார் ஆணையர்.

"கருவியை வடிவமைச்சது நான்" என்றாள் பெனிட்டா. "மீன் என்ன சொல்லுதுன்னு ஆறு வருஷம் கேட்டேன். அதால இன்னும் சொல்ல முடியுதான்னு ஒரு தடவைகூடச் சோதிச்சுப் பார்க்கலை. அந்தத் தப்பு என்னோடது. ஆலை விதியை மீறலை, விதியை எழுத உதவினதும் நான்தான். இப்ப என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். கழிவுநீர்க் குழாயை மூடணும். மீன்களை மாத்தாம அதே மீன்களைத் தொடர்ந்து பார்க்கணும்."

"பலகையைக் கழற்றிவிடலாமா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

அந்த வாரமே குழாய் மூடப்பட்டது. ஆலை பாதி நிறுத்தப்பட்டு, ரகோத்தமன் தன் பழைய உலைத் திட்டத்தை நிர்வாகத்தின் முன் வைத்தார். முத்திரை ரத்தானது. அஞ்சலாட்சியும் மற்றப் பெண்களும் வேன் பிடித்துப் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து மீன் எடுத்துவந்து விற்றார்கள். பாதிப் பேருக்கு அது கட்டுப்படியாகாமல் கூடையைக் கவிழ்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். மருத்துவ முகாமில் பதினெட்டுப் பேருக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருப்பது தெரிந்தது. அதில் அஞ்சலாட்சியும் ஒருத்தி. மகளுக்கும் பேரனுக்கும் ஒன்றுமில்லை. அந்தக் காகிதத்தை அவள் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். தன் காகிதத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

பெனிட்டாவைத் தெருவில் பார்த்தால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பலகைக்காக அவளுக்குக் கொடுத்திருந்த விருதைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அவள் அதை அன்றே தபாலில் அனுப்பிவிட்டாள். வாரத்துக்கு ஒருநாள் வாளிச் சோதனை நடந்தது. ஒவ்வொரு வாரமும் கோடு படுத்தே கிடந்தது. இருபதாவது வாரத்தில் இம்தியாஸ், "இது இனிமே எழுந்திரிக்காதா மேடம்?" என்று கேட்டான். "எழுந்திரிக்கும்" என்றாள். எப்போது என்று அவன் கேட்டதற்கு, தெரியாது என்றும் அதே குரலில்தான் சொன்னாள்.

ஏழாவது மாதம், ஆவணி வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், பலகை சிவப்பானது.

செய்தி பரவ அரைமணிகூட ஆகவில்லை. இறங்குதளத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆலை வேலை போன சிலர் சத்தமாகவே பேசினார்கள்: "ஆலை ஓடினப்ப பச்சை. மூடினதும் சிவப்பு. இப்ப என்ன சொல்லப்போறாங்க?" ரகோத்தமனும் காரில் வந்து இறங்கினார். ஆணையத்திலிருந்து தொலைபேசி வந்தது. பலகையை உடனே அணைக்க வேண்டும், சிவப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

"எழுத்துல தரேன்" என்றாள் பெனிட்டா. "அணைக்க மாட்டேன்."

அவளும் இம்தியாஸும் படகில் ஏறிக் கழிக்குள் போனார்கள். தண்ணீரை எடுத்து அங்கேயே அளந்தார்கள். காட்மியம் ஏழு மாதத்துக்கு முன் இருந்ததில் பத்தில் ஒரு பங்குதான். நீர் வற்றிய நேரம். ஆழம் குறைந்த இடங்களில் தண்ணீர் சுட்டது. மேற்கு மூலையில் நீர்க்காகங்கள் ஐம்பது அறுபது, வரிசையாக மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தன. அவை மூழ்கிய பக்கமெல்லாம் மடவைக் கூட்டம் சிதறி ஓடியது.

கரைக்கு வந்ததும் அஞ்சலாட்சி முன்னால் வந்து நின்றாள். ஏழு மாதத்தில் அவள் பெனிட்டாவிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"தண்ணி கெட்டுப்போச்சா?"

"இல்ல. தண்ணி தேறிக்கிட்டு இருக்கு."

"அப்ப ஏன் செவப்பு?"

"வெயில் ஏறியிருக்கு, தண்ணி வத்தியிருக்கு, நீர்க்காகம் கூட்டமா வந்திருக்கு. மீன் பயப்படுது. இதே வெயில், இதே நீர்க்காகம் போன வருஷமும் இருந்துச்சு. அப்ப அதுக்குப் பயப்படத் தெம்பில்லை."

"எவ்வளவு நேரம் இப்படி எரியும்?" என்று கேட்டார் ரகோத்தமன்.

"நில்லுங்க, பாருங்க."

நாலு மணிக்குக் கடலில் ஏற்றம் தொடங்கியது. குளிர்ந்த தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்தது. நீர்க்காகங்கள் எழுந்து வடக்கே போயின. யாரும் கலைந்து போகவில்லை. ஐந்தரை மணி வாக்கில் பலகை மஞ்சளானது. ஆறேகாலுக்குப் பச்சை.

ஆறு வருடத்தில் அந்தப் பலகை ஒரே நாளில் மூன்று நிறம் மாறி யாரும் பார்த்ததில்லை. ரகோத்தமன் பெனிட்டாவின் அருகில் வந்தார். உலைக்கு நிர்வாகம் முந்தாநாள் ஒப்புதல் கொடுத்துவிட்டதாகவும், அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்ததாகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அஞ்சலாட்சி பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாளைக்கும் செவப்பு வருமா?"

"வரும்க்கா. வெயில் வந்தா வரும். வராமப் போனாத்தான் என்கிட்ட ஓடி வரணும்."

இந்தத் தடவை அக்கா என்று கூப்பிட்டதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. "வலை போடறவனுங்களுக்கு இனிமே வேலை அதிகம்" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, வேனைப் பார்க்கப் போனாள்.

பெனிட்டா ஏலத் திண்டில் உட்கார்ந்து ஆணையத்தின் படிவத்தைத் திறந்தாள். நாள், நேரம், நீரின் வெப்பம், உப்பு, காட்மியம் எல்லாம் நிரப்பினாள். கடைசியில் 'சிவப்புக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. விரிவாக எழுத இரண்டு பக்கம் இடம் விட்டிருந்தார்கள். அவள் ஒரே வரி எழுதினாள்.

'மீன்களுக்கு மறுபடியும் பயம் வந்திருக்கிறது.'

அடித்துத் திருத்தாமல், கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.